தராத தவிடு

மோட்டார் கொட்டகை,
நைனார்பாளையம்,
6.10.2024

அன்புள்ள மகள் அருள்மொழிக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய், அழுதும் இருப்பாய். அழுது முடித்துவிட்டு மேலே படி.

நீ அந்தப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மறுவாரம், உன் பெரியப்பா பங்காளிகளையெல்லாம் நம் வீட்டில் கூட்டினார். எல்லோரும் தலைமுழுகினோம். என் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அவளோடு வாயால் பேசமாட்டேன், அவளைக் கண்ணால் பார்க்கமாட்டேன். அவ்வளவுதான் சொல்லச் சொன்னார். கையால் எழுதமாட்டேன் என்று சொல்லச் சொல்லவே இல்லை. இது எனக்கு இரண்டு வருஷம் கழித்து, இன்றைக்குக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. உன் அப்பன் எவ்வளவு மந்தம் பார்த்தாயா! மண்வெட்டியை வயலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து எழுதுகிறேன்.

உன் விலாசத்தைக் கள்ளக்குறிச்சி உரக்கடை தனசேகரன் விசாரித்துக் கொடுத்தார். என்னோடு படித்தவர், வாயை விடமாட்டார். பதிலை அவர் கடைக்கே போடு. வீட்டுக்குப் போட்டால் உன் அண்ணன் வெற்றிவேல் பிரித்துவிடுவான். அவன் இப்போது பெரியப்பா பின்னாலேயே சுற்றுகிறான்.

உன் அம்மாவுக்கு மூட்டுவலி. உன் பேரை எடுப்பதில்லை, ஆனால் உன் தட்டில்தான் சாப்பிடுகிறாள். நம் வயலில் களையெடுக்கும் பச்சையம்மா மட்டும் யாருக்கும் பயப்படாமல் கேட்பாள். "எம் பொண்ணு எப்டி கீது ஐயா? தவுடுதான் இன்னும் வந்து சேரல!" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

ரோமாபுரியில் உட்கார்ந்து செத்துப்போன ராஜாக்களைப் பற்றி இன்னும் என்னதான் படிக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எழுது.

உன் அப்பா,
ஆதிமூலம்

•

ரோம்,
2.11.2024

என் அன்புள்ள அப்பாவுக்கு,

அழுது முடிக்கவில்லை, அழுதுகொண்டேதான் படித்தேன். எழுத்துகூடச் சாயாமல் அப்படியே இருக்கிறதே அப்பா! ஆகாஷ் பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த உங்களையா மந்தம் என்பது? நான் இங்கே படிப்பதே அந்த மாதிரி விஷயங்களைத்தான்.

ராஜாக்கள் இல்லை அப்பா. அந்தக் காலத்து ரோமானியர்களின் வீடு, சாமி, சட்டம். மூன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டிலும் நம் சாமி மாடம் மாதிரி ஒன்று இருக்கும். கீழே பாம்புப் படம் எழுதியிருப்பார்கள். அப்பன்தான் அந்த வீட்டுக்குப் பூசாரி, அப்பன்தான் நீதிபதி. அவன் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு செம்புக்காசுகூடக் கிடையாது. பிள்ளைக்கு நரை விழுந்திருந்தாலும், நாட்டின் பெரிய பதவியில் இருந்தாலும் அப்படித்தான். பிள்ளையைக் கொல்லும் உரிமைகூட அப்பனுக்கு இருந்தது. படித்ததும் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் தப்பிப் பிறந்துவிட்டார்!

பச்சையம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் கதையை ஆகாஷுக்குச் சொன்னேன். அண்ணனுக்கு அப்புறம் பிறந்த இரண்டும் தங்காமல் போனது, நான் பிறந்ததும் சாமியை ஏமாற்ற என்னை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தது, "கேட்பாரில்லாத கொழந்த எனக்கு" என்று பச்சையம்மா எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை அவரிடமிருந்து திரும்ப வாங்கவேண்டும். ஆனால் காலையிலேயே தவிட்டையெல்லாம் மாட்டுக்குக் கலக்கிவிட்டீர்கள்! நான் பாலுக்குக் கத்த, "தவுடு அப்பறம் தர்றம்மா" என்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டீர்கள். இன்றுவரை தரவில்லை. ஆகாஷ் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவருக்கு இங்கே ஒரு கிடங்கில் கணினி வேலை. எனக்கு நன்றாகச் சமைத்துப் போடுகிறார். அவர் பேரை ஒருதடவையாவது எழுதுங்கள் அப்பா, கை சுட்டுவிடாது.

கல்யாணம் ஆகியும் இனிஷியலை மாற்றாத உங்கள் மகள்,
ஆ. அருள்மொழி

•

மோட்டார் கொட்டகை,
30.11.2024

அன்பு மகளுக்கு,

ஒரு பெரிய சேதி. மூச்சு வாங்குகிறது, பொறு.

நேற்று உன் பெரியப்பா வயலுக்கே வந்தார். வரப்பில் உட்கார்ந்து கரும்பு ஒன்றை ஒடித்துக் கடித்துக்கொண்டே, "கடுதாசி போட்டுக்கினு கீறியாமே?" என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அவர் கோபப்படவில்லை அருள்மொழி. "போடு போடு. பெத்த மனசு இல்லாம போவுமா? பங்குனிப் பூசைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லு. நம்ம சாமி முன்னாலயே அந்தச் சத்தியத்த எறக்கிடலாம். நடந்தத மறந்துடலாம்" என்றார். இந்த வாயா இப்படிப் பேசியது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான்.

நம் கோயில் உனக்கு ஞாபகம் இருக்கும். கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறும் வழியில், காட்டுக்குள்ளே ஒற்றைக் கல். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வழியில் நெல்லிக்காய் பொறுக்கித் தின்று வயிறு வலித்து ஊரைக் கூட்டினாயே. அங்கே உன் முகத்தைப் பார்க்கப் போகிறேன். பார்த்ததும் முதல் வேலையாக, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டப் போகிறேன்.

எப்போது வருகிறாய்? ஆகாஷையும் கூட்டிக்கொண்டு வா. எழுதிவிட்டேன், கை சுடவில்லை.

உன் அப்பா,
ஆதிமூலம்

•

ரோம்,
22.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் குளிரில் தெருவுக்கு ஓடினேன். எதற்கென்று தெரியவில்லை, ஓடவேண்டும் போலிருந்தது. வருகிறோம் அப்பா, கட்டாயம் வருகிறோம்!

இங்கேயும் அப்படி ஒரு நாள் இருந்தது. பிப்ரவரியில் செத்தவர்களுக்கெல்லாம் கல்லறையில் படையல் வைப்பார்கள். அது முடிந்த மறுநாள், உயிரோடு இருக்கும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். சண்டை போட்டவர்கள் அன்றைக்குச் சமாதானம் ஆகவேண்டும். செத்தவர்களை எண்ணி முடித்தபிறகு மிச்சம் இருப்பவர்களையாவது இழக்கக்கூடாது என்றுதான் வைத்திருப்பார்கள் போல. பெரியப்பாவுக்கும் வயசு ஆக ஆக அந்த மனசு வந்திருக்கும்.

பலி கொடுப்பதும் நம் ஊர் மாதிரியேதான். நாம் கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை கைகட்டி நிற்போமே, இவர்கள் அதன் தலையில் உப்பு கலந்த மாவைத் தூவுவார்கள். கழுத்தில் கட்டிய கயிற்றை இழுக்கக்கூடாது, தளர்வாகத்தான் பிடிக்கவேண்டும். பலி தானாக நடந்து வரவேண்டும். மிரண்டு ஓடினால் சாமிக்கு ஆகாது, கெட்ட சகுனம். இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், பேராசிரியர் நன்றாக இருக்கிறது என்றார்.

ஆகாஷ்தான் கொஞ்சம் தயங்குகிறார். எலவனாசூர்கோட்டையில் அவர் வீட்டுக்கு முன்னால் யாரோ வண்டியை நிறுத்தி, "புள்ள எப்ப வர்றான்? பங்குனிக்கு வர்றானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். அவர் அம்மா போனில் சொன்னார். நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எப்போது வருகிறது என்று கேட்காதவர்கள் யார்? நீங்கள் கூப்பிட்டீர்கள், அது போதும் எனக்கு. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் யோசித்திருப்பேன்.

அம்மாவுக்கு மூட்டுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஆ. அருள்மொழி

•

கள்ளக்குறிச்சி,
18.1.2025

அன்பு மகளுக்கு,

பொங்கல் ஆயிற்று. மாட்டுக்குக் கொம்பு தீட்டினோம். அம்மா பொங்கலை இறக்கும்போது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள், பிறகு சமாளித்துக்கொண்டாள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வெட்டு உத்தரவு தாமதம், கரும்பு பூத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போது அதிலெல்லாம் கவனம் ஓடவில்லை.

பூசைக்கு ஏற்பாடு நடக்கிறது. நீ சென்னையிலிருந்து ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்கவேண்டுமாம். வெற்றிவேல் காரோடு நிற்பானாம். அங்கிருந்து நேரே மலைக்கு. வீட்டுக்கு ஒரு எட்டு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றேன். "சாமி பாத்துட்டு வரட்டும், அதுதான் மொற" என்றார் உன் பெரியப்பா. நீ வருவதை உன் சிநேகிதிகள் யாருக்கும் சொல்லவேண்டாமாம். ஊரில் பேச்சாகிவிடும் என்கிறார். உனக்கு ஒரு மஞ்சள் புடவை எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்த அன்று அம்மா சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள்.

கிடா இன்னும் வாங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தையிலேயே வாங்கி நம் களத்தில் கட்டிவிடுவோம், உனக்குத் தெரியும். நானே சந்தைக்குப் போய் வருகிறேன் என்றதற்கு உன் பெரியப்பா என் முதுகில் தட்டினார். "இன்னாத்துக்கு அலையற? அது தானா வரும்" என்றார். வெற்றிவேல் எழுந்து வெளியே போய்விட்டான். இப்போது கையில் காப்புக் கட்டியிருக்கிறான், யாரோடும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

சும்மாதான் கேட்கிறேன், நீ எழுதியதிலிருந்து மனசில் கிடக்கிறது. பிள்ளையைக் கொல்ல அப்பனுக்கு உரிமை உண்டு என்றாயே, அவனை யாருமே கேட்கமாட்டார்களா? இன்னொன்று. ஒரு பிள்ளை மேல் தனக்கும் தன் வீட்டாருக்கும் எந்த உரிமையும் இல்லாதபடி அதை விட்டுவிட அந்த அப்பனுக்கு வழி இருந்ததா? விவரமாக எழுது. சீக்கிரம் எழுது.

டிக்கெட் எடுத்துவிட்டாயா?

உன் அப்பா,
ஆதிமூலம்

•

ரோம்,
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று! ஏப்ரல் முதல் வாரம் புறப்படுகிறோம்.

கரும்பைக் கவனிக்காமல் ரோமானியச் சட்டத்தில் இறங்கிவிட்டீர்களா? என் பேராசிரியரைவிட நீங்கள் நல்ல கேள்வி கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பனுக்கு உரிமை உண்டு. ஆனால் உறவினர்களைக் கூட்டிக் கலந்து பேசித்தான் செய்யவேண்டும் என்பது வழக்கம். வழக்கம்தான், கட்டாயமில்லை. வெகுகாலம் கழித்து ஹேட்ரியன் என்ற பேரரசன் காலத்தில் ஒருவன் தன் மகனை வேட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டில் வைத்துக் கொன்றுவிட்டான். மகன் மாற்றாந்தாயோடு தப்பாக நடந்துகொண்டான் என்று கோபம். பேரரசன் அந்த அப்பனை நாடு கடத்தினான். "இவன் அப்பனைப் போலக் கொல்லவில்லை, வழிப்பறிக்காரனைப் போலக் கொன்றிருக்கிறான். அப்பனின் உரிமை பாசத்தில் இருக்கவேண்டும், கொடுமையில் இல்லை" என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல்முறை படித்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் அப்பா. அன்றைக்குக் கற்பூரம் கையில் எரியும்போதும், நான் நாசமாகப் போகவேண்டும் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லையாமே. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

விட்டுவிட வழியும் இருந்தது. விற்பதுதான்! பிள்ளையை விற்பது போல ஒரு சடங்கு. ஐந்து சாட்சிகள் நிற்கவேண்டும். ஒருவர் தராசு பிடிப்பார். வாங்குபவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, ஒரு செம்புத் துண்டால் தராசைத் தட்டி, இது என்னுடையது என்பார். மகன் என்றால் மூன்று தடவை விற்கவேண்டும், அப்போதுதான் அப்பனின் பிடி விடும். மகளுக்கு ஒரே தடவை போதும். அத்தோடு முடிந்தது. அந்த வீட்டில் அவளுக்குப் பங்கில்லை, அந்த வீட்டுச் சாமி அவள் சாமி இல்லை, சட்டத்தின் முன்னால் அவள் அந்தக் குடும்பமே இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் அவள்மேல் கைவைக்க உரிமையும் இல்லை.

இந்த ஊர்ச் சட்டப்படி பார்த்தால் நீங்கள் என்னை அன்றைக்கே இழந்துவிட்டீர்கள். பச்சையம்மாவிடம் ஒரு தடவை கொடுத்தாயிற்று, திரும்ப வாங்கவும் இல்லை! தவிட்டு விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் இப்படித்தான்.

"உங்க அப்பா ஏன் இதக் கேக்கறாரு?" என்று ஆகாஷ் கேட்டார். எதற்கெடுத்தாலும் சந்தேகமா என்று அவரைத் திட்டினேன். இரண்டு நாளாக அவர் சரியாகப் பேசவில்லை. அப்பா, ஏன் கேட்டீர்கள்?

உங்கள் மகள்,
ஆ. அருள்மொழி

•

தனசேகரன் உரக்கடை,
கள்ளக்குறிச்சி,
27.2.2025, காலை

அருள்மொழி,

டிக்கெட்டை ரத்து செய், காரணம் கடிதத்தில் வருகிறது என்று தனசேகரன் உன் போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். போனில் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றார். என் கையெழுத்தில்தான் நீ இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று சொல்லிவிட்டு, உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் உன் பெரியப்பா வந்தார், வெற்றிவேலும் கூட. அம்மாவை மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நீ மலைக்கு வராத. ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கோ. மத்தத நாங்க பாத்துக்கறோம். பெத்தவன் நீ. உன் பொருளு. நீ ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டா சாமி கோவிச்சுக்காது. அவங்க வராம போனா, எலவனாசூர்ல அவன் ஆயி அப்பன் வூடு கீது." நான் வெற்றிவேலைப் பார்த்தேன். "நீ இன்னாடா சொல்ற?" என்றேன். "பெரியப்பா சொன்னா சரிதாம்பா" என்றான். பள்ளிக்கூடத்துக்கு உன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனவன்.

கிடா தானாக வரும் என்று அவர் சொன்னது உன்னைத்தான். எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது, மீதியைப் புரிந்துகொள்ளப் பயம். அதனால்தான் உன்னைச் சட்டம் கேட்டேன். இழுக்காமல் தளர்வாகப் பிடித்த கயிறு என்று எழுதினாயே, அந்தக் கயிறு என் கடிதங்கள்தான். எழுதட்டும் என்று அவர் விட்டதே அதற்குத்தான். என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். நடக்காத குற்றத்துக்கு என்ன பெரியவரே எழுதுவது என்று கேட்டார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதை நம்பி நான் சும்மா இருக்க முடியாது.

பெரியப்பாவிடம் நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அமாவாசையன்று பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடட்டும், சாமி முன்னால் என் பதிலைச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கு அமாவாசை. இங்கிருந்து நேரே மலைக்குத்தான் போகிறேன்.

அங்கே நான் சொல்லப்போவது இதுதான். "அவ எம் பொண்ணு இல்ல. குப்பமேட்டுல வெச்சேன், பச்சையம்மா எடுத்தா. தவுடு குடுத்து வாங்கியிருக்கணும், நான் குடுக்கல. குடுத்து வாங்காதது என் பொருளு இல்ல. அவ பச்சையம்மா பொண்ணு. அவங்க ஜனத்துலயே ஒருத்தனக் கட்டிக்கினா. இதுல நம்ம வூட்டு மானம் எங்க போச்சு? என்னுது இல்லாத உசுருக்கு நான் எப்டி சரின்னு சொல்றது?"

வழியை நீதான் காட்டினாய், விளையாட்டாக. ஐந்து சாட்சி வேண்டும் என்றாய். அன்றைக்குப் பிரசவம் பார்த்த சாலம்மாள் வருகிறாள். கூட இருந்த குஞ்சம்மாள் வருகிறாள். நல்ல நேரம் குறித்த பூசாரி அங்கேயே இருப்பார், அவர் பொய் சொல்லமாட்டார். முறத்தைக் கடையிலிருந்து வாங்கிவந்தவர் தனசேகரன். நான்கு பேர்தான் ஆயிற்று என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து, "அஞ்சாவது ஆளு நான் நிக்கறேன்" என்றாள். பெற்றவள், அவள் என் பிள்ளை இல்லை என்று சாமி முன்னால் சொல்ல வருகிறாள். மூட்டுவலியோடு மலையேறி.

ஒத்துக்கொள்வார்களா? தெரியாது. உன் பெரியப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் கற்பூரத்தின் முன்னால் சொன்னதைத் தாண்ட மற்றவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் நம்பிப் போகிறேன். மறுபடி சத்தியம் வாங்குவார்கள். இந்தத் தடவை கையையும் சேர்ப்பார்கள். வாய், கண், கை. சொல்லிவிடுவேன். அதனால் என் கையால் உனக்கு வரும் கடிதம் இதோடு சரி.

இனி நீ எங்கள் வாசலை மிதிக்கக்கூடாது. உனக்குப் பங்கு கிடையாது. நானோ அம்மாவோ செத்தாலும் வரக்கூடாது. மகளாக வந்து அழுதால் இன்று நாங்கள் சொல்வது பொய்யாகிவிடும். என்றைக்காவது வந்தால் பச்சையம்மா வீட்டுக்கு வா. ஒரு பயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. வெற்றிவேலோ பெரியப்பாவோ தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து உன்னை மீட்டுவிடப் பார்ப்பார்கள். பச்சையம்மா அதை வாங்கிவிட்டால் நீ மறுபடி இந்த வீட்டுப் பொருள். அவளிடம் சொன்னேன். "எம் பொண்ண நான் எதுக்கு ஐயா விக்கறேன்?" என்று என்னையே அதட்டினாள்.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நம் எல்லோரையும்விட அவருக்கு முதலிலேயே புரிந்திருக்கிறது. அவரைத் திட்டாதே.

நீ என் மகள். கற்பூரம் கொளுத்துவதற்கு முன்னால் எழுதுவதால் இது பொய்ச் சத்தியம் ஆகாது. நீ என் மகள், என் மகள். தனசேகரன் வண்டியை எடுத்துவிட்டார்.

உன் அப்பா,
ஆதிமூலம்

•

ரோம்,
18.5.2025

அன்புள்ள அம்மா பச்சையம்மாளுக்கு,

உங்கள் மகள் அருள்மொழி எழுதுவது. உங்களுக்குப் படிக்க வராது என்பதால் தனசேகரன் ஐயா கடையில் வைத்துப் படித்துக்காட்டுவார்.

அமாவாசையன்று மலையில் நடந்ததை அவர் எழுதியிருந்தார். பொழுது சாய்கிறவரைக்கும் பேச்சு நடந்ததாம். பூசாரி, "நான் கண்ணால பாத்தேன், தவுடு குடுக்கல" என்று சொன்னபிறகு பங்காளிகள் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்களாம். ஒருவர் மட்டும் கல்லின் முன்னால் காறித் துப்பிவிட்டு இறங்கினாராம். யாரென்று அவர் எழுதவில்லை, எழுதவேண்டியதும் இல்லை.

பங்குனிப் பூசை முடிந்த மறுநாள் வெற்றிவேல் ஒரு முறம் தவிட்டோடு உங்கள் வாசலில் வந்து நின்றாராம். நீங்கள் வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டீர்களாம். அந்த வாரமே உங்கள் கூரை எரிந்திருக்கிறது. கரும்புச் சோகைக் கூரை, வெயில் காலம், தானாகப் பற்றிக்கொண்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். எரிந்த வீட்டுக்கு முன்னால் மறுபடியும் தவிடு வந்து இறங்கியிருக்கிறது. நீங்கள் காலால் எற்றிவிட்டீர்களாம். அம்மா, எனக்காக நீங்கள் வெட்டவெளியில் படுத்திருக்கிறீர்கள். பயமாக இருக்கிறது. எலவனாசூர்கோட்டையில் என் மாமனார் வீட்டில் இடம் இருக்கிறது, அங்கே போய்விடுங்கள். அங்கே இப்போது வண்டி எதுவும் வந்து நிற்பதில்லையாம். சம்பந்தியை நாங்கள் பார்த்துக்கொள்ளமாட்டோமா என்று ஆகாஷின் அம்மா கோபித்துக்கொள்கிறார். நீங்கள் பிடிவாதக்காரி, கேட்கமாட்டீர்கள். ஆனாலும் சொல்கிறேன்.

உங்கள் ஐயா எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் வேலை செய்யும் வயல்காரர், ஆதிமூலம் ஐயா. இனி எனக்கும் அவர் ஐயாதான். அப்படிக் கூப்பிட்டுப் பழகவேண்டும் என்று இங்கே தனியாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை சொல்லும்போது ஆகாஷ் வந்து என் வாயைப் பொத்திவிட்டார். வீட்டு அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா என்றும் விசாரியுங்கள். ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

தனசேகரன் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். உரம் வாங்கவந்த பெரியவர் யாராவது மூட்டைமேல் உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பி அனுப்பவேண்டாம். வாயும் கண்ணும் கையும்தான் சத்தியத்தில் இருக்கின்றன. காதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை.

அம்மா, நான் தினமும் வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆகாஷை இப்போது திட்டுவதில்லை. படிப்பையும் விடவில்லை. வெயில் ஏறுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது ஏதோ ஞாபகத்தில் மண்வெட்டியை வயலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிடாதீர்கள். திரும்பி வரும்போது காலில் வெட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் மகள்,
ப. அருள்மொழி